மெல்லிய குரலும் வன்மையான தாளமும்
ஒலிச்சுருக்கியின் குமிழ்களை அறிந்து அமைக்கும் முறை

ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு முன்னர், தேஹு என்னும் ஊரிலிருந்து துக்காராம் மகராஜின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு பண்டரிபுரத்தை நோக்கிப் புறப்படுகின்றது. துக்காராமின் புதல்வர் நாராயண மகராஜ் 1685-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த மரபு இது. ஆகுர்டியில் தங்குவதற்கு முன், புனே நகருக்கு வடமேற்கே பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகர எல்லைக்குள் அமைந்துள்ள நிக்டியைப் பல்லக்கு கடந்து செல்கின்றது. 'திண்டி' எனப்படும் அடியார் குழுக்கள் தாளமும் பக்வாஜும் முழங்க, அபங்கங்களைப் பாடியவண்ணம் அணியணியாக நடந்து வருகின்றன.

நிக்டிச் சாலையோரத்தில் நின்று இந்த இசையைப் பதிவு செய்ய முற்படுவோர் ஓர் இடர்ப்பாட்டை உடனே உணர்வர். கைத்தாளத்தின் ஓசை ஒலிவாங்கியை அம்புபோல் தைக்கின்றது. அந்த ஓசைக்கு ஏற்பப் பதிவின் அளவைக் குறைத்தால், தலையில் துளசி மாடத்தைச் சுமந்து மெல்லப் பாடிவரும் மூதாட்டியின் குரல் பதிவில் அகப்படுவதில்லை. அக்குரலுக்கு ஏற்ப அளவைக் கூட்டினால், தாளத்தின் ஓசை கருவியின் எல்லையை மீறிப் பிளவுபட்டு ஒலிக்கின்றது. பள்ளி விழாவை ஒலிபெருக்கியில் நடத்தும் ஆசிரியருக்கும், கிராமக் கூட்டத்தைப் பதிவு செய்யும் களப்பணியாளருக்கும் இதே இடர்ப்பாடு வேறு வடிவில் நேர்வதுண்டு.

இதனைத் தீர்க்க உதவும் சாதனமே ஒலிச்சுருக்கி. ஒலிப்பதிவாளர் இதனைக் கம்ப்ரஸர் என்றழைப்பர். முன்னாளில் பெரிய நிலையங்களில் மட்டும் இருந்த இச்சாதனம், இன்று எளிய ஒலிக்கலப்பிகளிலும் கணிப்பொறியின் ஒலிப்பதிவு மென்பொருள்களிலும் இடம்பெற்றுவிட்டது. கருவி பரவிய அளவிற்கு அதன் குமிழ்களைப் பற்றிய தெளிவு பரவவில்லை. 'ஒலியை உரக்கச் செய்யும் கருவி' என்று அதனைக் கொள்வோர் பலர். உண்மையில் அது உரத்த ஒலியைத் தாழ்த்தி, மெல்லிய ஒலிக்கு இடமளிக்கும் கருவியாகும்.

செவியின் அகலமும் கருவியின் அகலமும்

ஒலியின் வன்மை டெசிபெல் என்னும் அலகால் அளக்கப்படுகின்றது. ஒலியழுத்தம் இரு மடங்கானால் அளவு 6 டெசிபெல் உயரும். பத்து மடங்கானால் 20 டெசிபெல் உயரும். ஆயிரம் மடங்கானால் 60 டெசிபெல் உயரும். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து கேட்கும் இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல். மெல்லிய கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபெல். இவ்விரண்டையும் ஒரே கூட்டத்தில் கேட்டு உணரும் ஆற்றல் மனிதச் செவிக்கு உண்டு.

கருவிகளுக்கும் கேட்கும் இடத்திற்கும் அத்துணை அகலம் இல்லை. மேலே ஓர் எல்லை உண்டு: பெருக்கியோ பதிவுக் கருவியோ தாங்கக்கூடிய உச்ச அளவைக் கடந்தால், அலையின் முகடு வெட்டுண்டு ஒலி சிதையும். கீழேயும் ஓர் எல்லை உண்டு: சாலையின் இரைச்சல், மின்விசிறியின் ஓசை, கூட்டத்தின் சலசலப்பு ஆகியவற்றிற்குக் கீழே தாழ்ந்த சொல் கேட்பவரை எட்டாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே கிடைக்கும் குறுகிய வழியில்தான் பேச்சும் இசையும் செல்ல வேண்டும்.

பேசுபவர் ஒலிவாங்கியின் முன் அசைவதாலும் அளவு பெரிதும் மாறும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு 15 சென்டிமீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டர் ஆனால், திறந்த வெளியில் ஒலி 6 டெசிபெல் குறைகின்றது. 60 சென்டிமீட்டர் ஆனால் 12 டெசிபெல் குறைகின்றது. பழகிய பேச்சாளர் இதனை அறிந்து நிற்பார். முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் வரும் உழவரோ, சுய உதவிக் குழுவின் பெண் உறுப்பினரோ கூச்சத்தால் பின்வாங்கி நிற்பது இயல்பு. கேட்கப்படாமற் போகும் குரல் பெரும்பாலும் அவர்களுடையதே.

புனே வட்டாரத்தின் ஒரு முன்னோடிச் சோதனை

கேட்கும் இடத்தின் நிலைமை எத்துணை முக்கியமானது என்பதை அறிய, இதே வட்டாரத்தின் வரலாறு துணைசெய்கின்றது. அகில இந்திய வானொலியின் பூனா நிலையம் 1953-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, ஒவ்வொன்றும் அரைமணி நேரம் கொண்ட 20 நிகழ்ச்சிகள் பூனா நிலையத்திலிருந்து அவற்றிற்கென ஒலிபரப்பாயின. மன்ற உறுப்பினர் ஒரு வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்து கேட்டனர். கேட்டதைப் பற்றி விவாதித்தனர். தங்கள் வினாக்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினர். டாட்டா சமூக அறிவியல் கழகம் இச்சோதனையை மதிப்பிட்டது. அதன் பயனாக 1959-ஆம் ஆண்டு முதல் இத்திட்டம் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிந்தது.

ஒரே பெட்டியைச் சூழ்ந்து ஏறத்தாழ இருபது பேர் அமர்ந்திருக்கும் இடம் அமைதியான அறை அன்று. மாட்டின் மணியோசையும் குழந்தைகளின் ஆரவாரமும் நடுவே வரும். ஒலிபரப்பில் ஒருவர் குரல் தாழ்ந்தால், கடைசி வரிசையில் இருப்பவருக்கு அக்குரல் இல்லை என்றே பொருள். மறுபுறம், நிலையத்தின் அலைபரப்பிக்கும் உச்ச எல்லை உண்டு. மத்திய அலையில் அதனை மீறினால் ஒலி சிதைவதோடு அண்டை அலைவரிசைகளுக்கும் இடையூறு நேரும். ஆகவே, உரத்ததை அடக்கி மெல்லியதை உயர்த்தும் பணி வானொலித் தொழிலில் தொடக்க முதலே இன்றியமையாததாக இருந்து வந்துள்ளது. 1930-களில் அமெரிக்காவில் இப்பணியைத் தானே செய்யும் பெருக்கிகள் ஒலிபரப்பு நிலையங்களுக்கு வந்தன. 1937-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட கருவி அவற்றுள் முன்னோடியானது. இன்றைய ஒலிச்சுருக்கி அவற்றின் வழித்தோன்றலே.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஒலிச்சுருக்கி இயங்கும் முறையை, அக்கருவி இல்லாமலேயே மாணவர்க்கு விளக்கலாம். ஒலிவாங்கி, பெருக்கி, ஒலிபெருக்கி ஆகியவை இருந்தால் போதும். ஒரு மாணவர் ஒரு பத்தியைச் சில சொற்களை உரத்தும் சில சொற்களை மெல்லவும் படிக்க வேண்டும். மற்றொரு மாணவர் பெருக்கியின் ஒலியளவுக் குமிழைப் பிடித்துக்கொண்டு, ஒலி உரக்கும்போது குறைத்தும் தாழும்போது பழைய நிலைக்குக் கொணர்ந்தும் வரவேண்டும். குமிழைப் பிடித்திருக்கும் மாணவரே ஒலிச்சுருக்கி.

இச்சோதனையில் நான்கு வினாக்கள் தாமே எழும். ஒலி எவ்வளவு உரத்தபின் அவர் குறைக்கத் தொடங்குகிறார்? தொடங்கியபின் எந்த விகிதத்தில் குறைக்கிறார்? உரத்த சொல்லைக் கேட்டபின் கை அசைய எவ்வளவு நேரம் ஆகிறது? சொல் ஓய்ந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? ஒலிச்சுருக்கியின் முகப்பிலுள்ள நான்கு முக்கியக் குமிழ்கள் இந்நான்கு வினாக்களுக்கும் உரிய விடைகளே.

குமிழ்கள் ஒவ்வொன்றும் செய்யும் வேலை

முதலாவது தொடக்க எல்லை. முகப்பில் 'திரெஷோல்ட்' என்று குறிக்கப்பட்டிருக்கும். இவ்வெல்லைக்குக் கீழுள்ள ஒலியைக் கருவி தொடுவதில்லை. எல்லையைக் கடந்த ஒலியை மட்டுமே தாழ்த்துகின்றது.

இரண்டாவது சுருக்க விகிதம், 'ரேஷியோ' எனப்படும். விகிதம் 4-க்கு 1 என்றால், எல்லையைக் கடந்து ஒலி 4 டெசிபெல் உயர்ந்தால் வெளியே 1 டெசிபெல் மட்டுமே உயரும். விகிதம் 10-க்கு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால், கருவி ஏறத்தாழ ஒரு தடுப்புச் சுவராகிவிடுகின்றது. அந்நிலையில் அதனை லிமிட்டர் என்பர்.

ஓர் எடுத்துக்காட்டால் இவ்விரண்டும் தெளிவாகும். தொடக்க எல்லை, உச்ச அளவிற்கு 20 டெசிபெல் கீழே உள்ளது. விகிதம் 4-க்கு 1 என்று கொள்க. உரத்த பேச்சாளரின் குரல் உச்சத்திற்கு 8 டெசிபெல் கீழே வருகின்றது. அதாவது எல்லையை 12 டெசிபெல் கடக்கின்றது. கருவி அந்தப் பன்னிரண்டை மூன்றாக்கிவிடும். ஆகவே அக்குரல் உச்சத்திற்கு 17 டெசிபெல் கீழே வெளிவரும். 9 டெசிபெல் குறைந்துள்ளது. மெல்லிய பேச்சாளரின் குரல் உச்சத்திற்கு 30 டெசிபெல் கீழே இருந்தால், அது எல்லையைத் தொடாமையால் மாறுவதில்லை. முன்னர் இருவருக்கும் இடையே 22 டெசிபெல் வேறுபாடு இருந்தது. இப்பொழுது 13 டெசிபெல்தான் உள்ளது.

மூன்றாவது பிடிக்கும் நேரம், 'அட்டாக்' எனப்படும். ஒலி எல்லையைக் கடந்தபின், கருவி அதனைத் தாழ்த்தி முடிக்க எடுத்துக்கொள்ளும் காலம் இது. மில்லி விநாடிகளில் குறிக்கப்படும். இக்காலம் மிகக் குறைவாக இருந்தால், தாளத்தின் முதல் ஓசையும் பக்வாஜின் அடியும் கூர்மை மழுங்கி ஒலிக்கும்; இசையின் உயிர்ப்பு குன்றும். மிக நீண்டிருந்தால், உரத்த ஓசை முழுவதும் தப்பிச் சென்றபின்னரே கருவி விழித்துக்கொள்ளும்.

நான்காவது விடும் நேரம், 'ரிலீஸ்' எனப்படும். உரத்த ஒலி ஓய்ந்தபின் கருவி தன் பிடியை விட எடுத்துக்கொள்ளும் காலம் இது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என்னும் சொற்களின் பொருள் வேறுபாடு ஈற்றெழுத்தில் அமைந்துள்ளது. நடுவில் வரும் நெடில் உரத்தும் ஈற்றிலுள்ள மெய் மெலிந்தும் ஒலிக்கின்றன. பிடி நெடுநேரம் விடாதிருந்தால், அந்த ஈற்றெழுத்திற்கு எவ்வுதவியும் கிட்டாது. சில விநாடிகள் வரை நீடித்தாலோ, உரத்துப் பேசி முடித்தவருக்கு அடுத்துப் பேசும் மெல்லிய குரலினரின் முதல் வாக்கியமும் அமுங்கிவிடும். இதற்கு மாறாக, விடும் நேரம் மிகக் குறுகியிருந்தால் வேறொரு தீங்கு நேரும். 50 ஹெர்ட்ஸ் அலைவெண் கொண்ட ஒலியில் ஓர் அலைக்கு 20 மில்லி விநாடி ஆகின்றது. பிடிக்கும் நேரமும் விடும் நேரமும் அதனினும் குறுகியிருந்தால், கருவி ஒலியின் ஏற்றத்தாழ்வைப் பின்பற்றுவதை விடுத்து, ஒவ்வோர் அலையின் வடிவத்தையே மாற்றத் தொடங்கும், அடித்தொனிகள் கரகரக்கும்.

இவற்றோடு ஈட்டுப் பெருக்கம் என்னும் குமிழும் உண்டு. 'மேக்கப் கெயின்' என்று பெயர் பெறும். தாழ்த்தப்பட்ட அளவை ஈடுசெய்ய, ஒலி முழுவதையும் இது உயர்த்துகின்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 9 டெசிபெல் ஈடுசெய்தால், உரத்த குரல் பழைய இடத்திற்கே திரும்பும். மெல்லிய குரலோ உச்சத்திற்கு 30 டெசிபெல் கீழே இருந்து 21 டெசிபெல் கீழே என்னும் நிலைக்கு உயரும். மூதாட்டியின் குரல் கேட்கத் தொடங்குவது இந்தக் குமிழால்தான். ஆயினும் அதற்கு இடம் உண்டாக்கியவை முன்னர்க் கூறிய நான்குமே.

சில கருவிகளில் 'நீ' என்று குறிக்கப்பட்ட அமைப்பும் உண்டு. முழங்கால் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. தொடக்க எல்லையில் சுருக்கம் திடீரெனத் தொடங்க வேண்டுமா, படிப்படியாகத் தொடங்க வேண்டுமா என்பதை இது முடிவுசெய்கின்றது. பேச்சிற்கும் பாட்டிற்கும் படிப்படியான தொடக்கம் பெரும்பாலும் இயல்பாக அமையும்.

அமைக்கும் வரிசை

எல்லாக் குமிழ்களையும் ஒருங்கே திருப்பினால் எது எதனைச் செய்தது என்று விளங்காது. ஒவ்வொன்றாக, செவியைத் துணைகொண்டு அமைப்பதே நன்று. புதிதாகக் கற்பவர் முதலில் கருவியின் செயலை மிகைப்படுத்திக் கேட்க வேண்டும். விகிதத்தை 10-க்கு 1 என்று உயர்த்தி, பிடிக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் குறைத்து, சுருக்கத்தைக் காட்டும் முள் நன்கு அசையும்வரை தொடக்க எல்லையைத் தாழ்த்துக. ஒலி இப்பொழுது செயற்கையாக இருக்கும். கருவி செய்வது தெளிவாகக் கேட்கும்.

அதன்பின் பிடிக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டுக. சொற்களின் தொடக்கமும் தாளத்தின் கூர்மையும் இயல்பு நிலைக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துக. அடுத்து விடும் நேரத்தை நீட்டுக. பேச்சில் வாக்கியத்திற்கு வாக்கியம் விழும் இடைவெளியில் முள் தன் பழைய நிலைக்குத் திரும்பினால் அது பொருத்தமான அளவு. பின்னர் விகிதத்தைக் குறைத்து, தொடக்க எல்லையை உயர்த்தி, மிகைப்படுத்தியதை அளவிற்குக் கொணர்க. இறுதியில் ஈட்டுப் பெருக்கத்தை அமைக்க வேண்டும்.

பேச்சிற்கு 3-க்கு 1 என்னும் விகிதமும், 10 மில்லி விநாடியை ஒட்டிய பிடிக்கும் நேரமும், 150 முதல் 200 மில்லி விநாடி வரையிலான விடும் நேரமும், உரத்த சொற்களில் 3 முதல் 6 டெசிபெல் வரை முள் அசைவதும் நல்ல தொடக்க நிலையாகும். திண்டியின் பாடலைப் போன்ற கூட்டிசைக்கு 2-க்கு 1 என்னும் விகிதமும் 20 முதல் 30 மில்லி விநாடி வரையிலான பிடிக்கும் நேரமும் ஏற்றவை. இவை விதிகள் அல்ல. தேடத் தொடங்கும் இடங்கள். முடிவுசெய்ய வேண்டியது செவியே.

செவியும் ஏமாறக்கூடும் என்பதை மறத்தலாகாது. இரண்டு ஒலிகளில் சற்று உரத்ததே சிறந்தது என்று மனம் கொள்வது இயல்பு. ஆகவே கருவியை இயக்கியும் நிறுத்தியும் ஒப்பிடும்போது, இரு நிலைகளிலும் ஒலியின் அளவு சமமாக இருக்குமாறு ஈட்டுப் பெருக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். சமமான அளவிலும் சுருக்கிய ஒலியே தெளிவாக இருந்தால் அமைப்பு சரியானது. இல்லையேல் கருவியை நிறுத்திவிடுவதே மேல்.

எச்சரிக்கைகள்

ஒலிச்சுருக்கிக்கு மனிதக் குரலையும் இரைச்சலையும் பிரித்தறியத் தெரியாது. ஈட்டுப் பெருக்கம் 9 டெசிபெல் என்றால், இடைவெளிகளில் சாலையின் இரைச்சலும் 9 டெசிபெல் உயரும். நிக்டி போன்ற நெடுஞ்சாலை ஊரில் இதன் விளைவு உடனே தெரியும்: பாடல் ஓய்ந்த கணத்தில் வண்டிகளின் ஓசை அலையாக மேலெழும், பாடல் தொடங்கியதும் அமுங்கும். கருவி மூச்சு வாங்குவது போன்ற இக்குறை தோன்றினால், விகிதத்தைக் குறைத்தோ விடும் நேரத்தை நீட்டியோ சரிசெய்யலாம். ஒலிவாங்கியைப் பாடுவோர்க்கு அருகே கொண்டுசெல்வது அதனினும் சிறந்த தீர்வு. தொலைவைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் உயரும், இரைச்சல் உயராது.

ஒலிபெருக்கி வைத்து நடத்தும் கூட்டங்களில் மற்றோர் இடையூறும் உண்டு. ஒலிபெருக்கியின் ஓசை ஒலிவாங்கிக்குள் புகுந்து ஊளையிடுவதைக் களப்பணியாளர் அனைவரும் அறிவர். ஈட்டுப் பெருக்கத்தில் கூட்டும் ஒவ்வொரு டெசிபெலும் அந்த ஊளைக்கு ஒரு டெசிபெல் அண்மையில் கொண்டுசெல்கின்றது. எவரும் பேசாத வேளையில் பெருக்கம் முழுமையாகத் திரும்புவதால், ஊளை பெரும்பாலும் அமைதியின் நடுவே எழும். ஆதலால் மேடையில் 3 அல்லது 4 டெசிபெல் சுருக்கத்தோடு நிறைவு கொள்ளுதல் நலம்.

பக்வாஜ் போன்ற தோற்கருவியும் குரலும் ஒரே ஒலிச்சுருக்கியின் வழியே சென்றால், ஒவ்வோர் அடிக்கும் குரல் பின்வாங்கி மீளும். குரலுக்கும் தோற்கருவிக்கும் தனித்தனி ஒலிவாங்கியும் சுருக்கியும் அமைப்பது நல்லது. அதற்கு வழியில்லையெனில், சில கருவிகளில் உள்ள வடிகட்டியைக் கொண்டு, அடித்தொனிகள் சுருக்கத்தைத் தூண்டாதவாறு செய்யலாம்.

யாவற்றினும் முக்கியமானது, மூலப் பதிவைச் சுருக்காமல் காப்பதாகும். சுருக்கிய ஒலியை முன்போல் விரிக்க வேண்டுமாயின், எந்தக் கணத்தில் எவ்வளவு சுருக்கப்பட்டது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். இதனை முறையாகப் பயன்படுத்தியவர் ரே டால்பி. 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றிய அவர், 1965-இல் லண்டனில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். பதியும்போது மெல்லிய ஒலிகளை உயர்த்தி, மீட்டொலிக்கும்போது அதே அளவில் தாழ்த்தினால், நாடாவின் சீறல் ஒலியும் உடன் தாழும் என்பது அவர் வகுத்த முறை. இரு செயல்களும் ஒன்றுக்கொன்று சரிநிகர் எதிரானவை என்பதால் இசைக்குச் சேதமில்லை. சாதாரண ஒலிச்சுருக்கியில் அத்தகைய கணக்கு எதுவும் எஞ்சுவதில்லை. ஒருமுறை தட்டையாக்கிய ஒலி தட்டையானதே. ஆகவே, உச்ச அளவிற்குக் கீழே போதிய இடம் விட்டு மூலத்தைப் பதிந்து வைத்து, அதன் படியில் மட்டும் சுருக்கத்தைச் செய்ய வேண்டும்.

முடிவாக

உரத்த குரல் தானே தன் வழியைத் தேடிக்கொள்ளும். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, ஒலிவாங்கிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தயக்கத்துடன் ஒரு வினாவை எழுப்புபவருக்குத்தான் உதவி வேண்டும். குமிழ்களைத் திருப்பி முடித்தபின் களப்பணியாளர் ஒலிபெருக்கிக்கு மிகத் தொலைவில் உள்ள இடத்திற்குச் சென்று, அங்கு அமர்ந்திருப்பவரோடு சிறிது நேரம் கேட்க வேண்டும். அவ்விடத்தில் அந்த வினா சொல் சொல்லாகக் கேட்டால், கருவி தன் கடமையைச் செய்துவிட்டது. கேட்கவில்லையெனில், முதலில் ஒலிவாங்கியை ஒரு சாண் முன்னே நகர்த்திவிட்டு, அதன்பின் குமிழ்களுக்குத் திரும்புதல் வேண்டும்.